காலை ஆறு மணிக் குறிப்பு

வக்கீலம்மாவின் மாமனாரைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனேன். மாமனார் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் செயலற்றுப் போயிருந்தன. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. நான் ஆஸ்பத்திரி வார்டுகளில் முப்பத்துநாலு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்.

முதல் நாள் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினேன். வக்கீலம்மா கதவோரம் நின்று பார்த்தார். பெரும்பாலான வீடுகளில் முதல் கேள்வி ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா என்பதாக இருக்கும். இவர் கேட்டது வேறு.

“சிஸ்டர், தூக்கும்போது உங்க முழங்காலை அவரோட முழங்காலுக்கு எதுக்கு முட்டுக் குடுத்தீங்க?”

“அந்தக் கால்ல பலம் இல்ல. மடங்கினா ரெண்டு பேரும் விழுவோம்.”

“எந்தப் பக்கமா விழுவீங்க?”

மாமனார் குறுக்கே புகுந்தார். “நாங்க விழுந்த பிறகு வந்து அளந்துக்கோ, வக்கீலு. இப்போ அவங்களை வேலை செய்ய விடு.”

அளப்பது என்று அவர் ஏன் சொன்னார் என்பது அந்த வாரமே தெரிந்துவிட்டது. வக்கீலம்மாவின் கைப்பையில் ஒரு இரும்பு அளவு நாடாவும், தச்சர்கள் வைத்திருக்கும் ரசமட்டமும் எப்போதும் இருக்கும்.

அவர் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கடையில் வழுக்கி விழுகிறார், அல்லது வேலை செய்யும் இடத்தில் கையை நசுக்கிக்கொள்கிறார். நஷ்ட ஈடு கேட்டு முதலாளி மேல் சிவில் வழக்குப் போடுகிறார். முதலாளி இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், அவருக்காக வாதாட இன்சூரன்ஸ் கம்பெனியே ஒரு வக்கீலை வைக்கும். அந்த வக்கீல்தான் இவர். இருபத்தாறு வருடமாக இதே வேலை. அடிபட்டவர்களுக்கு எதிராகப் பேசுகிறவர் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. மாமனாரும் விடமாட்டார். “நான் காலம் பூரா ஜனங்களை ஏத்திவிட்டேன். என் மருமக இறக்கிவிடறா” என்பார்.

வக்கீலம்மா வக்கீல் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. பத்தொன்பது வயதில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர். மறுப்புக் கடிதங்கள் அடிப்பது வேலை. எல்லாக் கடிதமும் ‘தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று முடியும். ஒரு நாளைக்கு இருபது வருத்தம் அடிப்பாராம். அதில் ஒரு கடிதம் செருப்புக் கடைப் படியில் விழுந்தவருக்குப் போக வேண்டியது. கடை ஆபீசிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் இவர் அங்கே போய் அந்தப் படியில் ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறார். கடைசிப் படி மட்டும் மற்றப் படிகளைவிட இரண்டு விரல் குட்டை. கால் தரை இன்னும் கீழே இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வரும். தரை முன்னாலேயே வந்துவிடும். இவரும் தடுமாறினார்.

திரும்பி வந்து அதிகாரியிடம் சொன்னபோது அவர் சொன்னாராம்: “உனக்கு டைப் அடிக்கத்தான் சம்பளம். படி ஏற இல்ல.”

அந்த வருடமே மாலைநேரச் சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். ஏழைகளுக்கு நீதி வாங்கித் தரவா என்று நான் கேட்டேன்.

“இல்ல சிஸ்டர். படி ஏறிப் பாக்கறதுக்கு ஒரு வேலை வேணும்னு தோணுச்சு. வக்கீலுக்குத்தான் அந்த உரிமை இருக்கு.”

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பெரிய வார்த்தை பேசுகிறவர்களை நான் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்பேன் எடுக்கச் சொன்னால் காணாமல் போவார்கள்.

எந்த வழக்கு வந்தாலும் விபத்து நடந்த கிழமையில், நடந்த மணிக்கு அங்கே போய் நிற்பார். ஒரு பெரிய மளிகைக் கடையில் பெண்மணி ஒருவர் விழுந்த வழக்கு. தரை காய்ந்திருந்தது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். இவர் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போய் நின்றார். அந்த நேரத்துக்குத்தான் ஐஸ் பெட்டியை நிரப்ப வண்டி வரும். மூடி அரை மணி நேரம் திறந்தே கிடக்கும். அடியிலிருந்து ஒரு நூல் தண்ணீர் கசியும். இவர் கம்பெனிக்கு, வழக்கை நடத்த வேண்டாம், கொடுத்துத் தீர்த்துவிடுங்கள் என்று எழுதினார். “தோக்கப் போற கேஸுல தோக்காம பாத்துக்கறதும் என் வேலைதான்” என்பார்.

அவர் அதிகம் ஜெயித்தது இன்னொரு வழியில். ஆஸ்பத்திரிக் காகிதங்களில் மற்ற வக்கீல்கள் டாக்டர் எழுதியதைப் படிப்பார்கள். இவர் நர்ஸ் எழுதியதைப் படிப்பார். “டாக்டர் நினைச்சது டிஸ்சார்ஜ் சம்மரில இருக்கும். நோயாளி செஞ்சது நர்ஸ் குறிப்புல இருக்கும்” என்பது அவர் கொள்கை. எழுந்திருக்கவே முடியவில்லை என்று ஒருவர் கூண்டில் ஏறிச் சொன்னால், இவர் அமைதியாக எழுந்து, “இந்தத் தேதி காலை ஆறு மணிக் குறிப்பைப் படிக்கலாமா?” என்று கேட்பார். ‘நன்றாகத் தூங்கினார். தானே எழுந்து பாத்ரூம் சென்றார். வலி இல்லை.’ அதோடு முடிந்தது. கோர்ட்டில் அவருக்கு ‘ஆறு மணியம்மா’ என்றே பட்டப்பெயர்.

நான் நர்ஸ் என்பதால், ஆஸ்பத்திரிக் காகிதங்களில் புரியாத சுருக்கெழுத்துகளை என்னிடம் கேட்பார். அதற்காக, பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று நாலு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்குக்கூட நான் அத்தனை கையெழுத்துப் போடவில்லை.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் லாண்டரி வழக்கு வந்தது. ஹோட்டல்களுக்கு விரிப்பு துவைக்கும் பெரிய லாண்டரி. அங்கே இஸ்திரி மெஷினில் வேலை செய்த பெண்மணி, நாற்பத்தைந்து வயது, சாக்கடை மூடி அருகில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி மல்லாக்க விழுந்தார். இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் முறிவு. எலும்பு கூடிவிட்டது, ஆனால் இடது பாதம் இழுத்துக்கொண்டே இருக்கிறது, நின்று வேலை செய்ய முடியவில்லை என்பது அவர் வழக்கு. நடிக்கிறார் என்பது கம்பெனியின் பக்கம். வேறு வருமானம் அந்த வீட்டில் இல்லை. அவர் பொய்க்காரி என்று தீர்ப்பானால் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். வியாழக்கிழமை குறுக்கு விசாரணை.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் மாமனாரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் வக்கீலம்மா ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“கிடைச்சிடுச்சு” என்றார். “அட்மிட் ஆன மூணாவது நாள். காலை ஆறு மணி. ‘நன்றாகத் தூங்கினார். தானே எழுந்து பாத்ரூம் சென்றார். வலி இல்லை.’ முதுகெலும்பு முறிஞ்சு மூணாவது நாள், சிஸ்டர்.”

நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். குறிப்பு அப்படித்தான் இருந்தது. அடுத்த தாளில், குடித்த தண்ணீரையும் வெளியேறிய சிறுநீரையும் எழுதும் அட்டை. அதே நாள், அதே ஆறு மணி: பையில் நானூறு மில்லி.

“இவங்களுக்கு மூத்திரக் குழாய் போட்டிருக்கு. பை கட்டித் தொங்குது. பாத்ரூமுக்கு எதுக்குப் போறாங்க, காத்து வாங்கவா?”

வக்கீலம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“அப்போ இதை ஏன் எழுதியிருக்காங்க?”

“எல்லாருக்கும் அதான் எழுதுவோம்.”

“எழுதுவோம்னா?”

எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. சொன்னேன். ஆறு மணிக்கு ஊசி, பிரஷர், படுக்கை விரிப்பு, டூட்டி மாற்றிவிடும் வேலை எல்லாம் ஒன்றாக வந்து விழும். நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர். அதனால் ஆறு மணிக் குறிப்பை அதற்கு முன்பே உட்கார்ந்து வரிசையாக எழுதி வைத்துவிடுவோம். யாருக்காவது ஏதாவது ஆனால் மட்டும் அடித்து மாற்றி எழுதுவோம். மூன்று வாக்கியம், நாற்பது கட்டில். நான் வேலை கற்ற வார்டில் எனக்கு மூத்தவர் அப்படி எழுதினார், நானும் எழுதினேன்.

“போய்ப் பாக்காமலே?”

“பாக்கறது பாப்போம். எழுதறது முன்னாடியே எழுதிடுவோம்.”

கட்டிலிலிருந்து மாமனாரின் சிரிப்பு கேட்டது. “நாங்களும் அப்படித்தான். வண்டி டெப்போவை விட்டுக் கிளம்பறதுக்கு முந்தியே கடைசி ஸ்டாப்புக்கு எத்தனை மணிக்குப் போனோம்னு டிரிப் ஷீட்ல எழுதிடுவோம். ஓடற வண்டியில எவன் பேனா பிடிப்பான்?”

வக்கீலம்மா திரும்பினார். “மாமா, டிரிப் ஷீட்டை வச்சு நான் ஆறு கேஸ் நடத்தியிருக்கேன். ஒரே வீட்ல இருந்துட்டு இதை ஒரு வார்த்தை சொல்லலையே.”

“ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் குறுக்கு விசாரணை பண்ற. என்னை எப்போ கேட்ட?”

யாரும் பழி சுமத்தாமலே வக்கீலம்மாவின் முகம் சிறுத்துப் போனது. ஆனால் அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் அவருக்கு வருத்தப்படத் தெரியாது; அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். பழைய ஃபைல் அலமாரியைத் திறந்தார். ஆஸ்பத்திரிக் காகிதம் உள்ள வழக்குகளை வெளியே எடுத்துத் தரையில் பரப்பினார். நாங்கள் இரண்டு பேரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து பார்த்தோம். நாற்பத்தோரு ஃபைல். வேறு வேறு ஆஸ்பத்திரி, வேறு வேறு கையெழுத்து. பத்தொன்பதில் அதே மூன்று வாக்கியம், வார்த்தை பிசகாமல். ஒன்றில், ஆறே முக்காலுக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து மயக்கத்தோடு வெளியே வந்த ஆள் ஆறு மணிக்குத் தானே எழுந்து பாத்ரூம் சென்றிருந்தார்.

“இதுல எத்தனை பேர் நிஜமா எழுந்து போனாங்க, சிஸ்டர்?”

“அதை இனிமே கண்டுபிடிக்க முடியாது.”

“சில பேர் போயிருப்பாங்க.”

“பாதிப் பேர் போயிருப்பாங்க. யாரு அந்தப் பாதின்னு தாள்ல இல்ல.”

திங்கட்கிழமை கம்பெனியின் கிளெய்ம் அதிகாரிக்குப் போன் செய்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஃபைலைப் புரட்டிக்கொண்டே பேசுவது அவர் வழக்கம். அதனால் நாங்களும் கேட்டோம். அந்தக் குறிப்பை நம்ப முடியாது, வழக்கைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார்.

அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. கணக்கானவர். “மேடம், அது ஆஸ்பத்திரி ரெக்கார்டு. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பை விஷயத்தைப் பாத்தாரா?”

“பாத்த மாதிரி தெரியல.”

“அப்போ என்ன? நீங்க குறிப்பைப் படிங்க. அந்த அம்மா இல்லைன்னு சொன்னா சொல்லட்டும்.”

“பொய்யான குறிப்பைப் படிக்கச் சொல்றீங்க.”

“பொய்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அங்க இருந்தீங்களா? உங்க வீட்டு நர்ஸ் அங்க இருந்தாங்களா?”

வக்கீலம்மா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கேள்வி நியாயமானது என்று அவருக்குப் பட்டுவிட்டது. குழாய் போட்ட நோயாளி பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதும் உண்டு. அதை நானே பார்த்திருக்கிறேன், அவர் கேட்டபோது சொல்லவும் செய்தேன்.

“அப்போ போய்க் கேட்டுட வேண்டியதுதான்” என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக் கேன்டீனில் அந்தக் குறிப்பை எழுதிய நர்ஸைப் பார்த்தோம். முப்பது வயது இருக்கும். அன்று பகல் டூட்டி. என்னையும் கூட்டிக்கொண்டு போனதற்குக் காரணம், வக்கீல் என்றதும் நர்ஸுகளுக்கு நாக்கு உள்ளே போய்விடும். வக்கீலம்மா தான் யார், எந்தப் பக்கத்து வக்கீல் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். நர்ஸ் டீயைத் தொடவே இல்லை.

“உன்னை யாரும் தப்பு சொல்லல. நானும் அதே மூணு வரிதான் எழுதினேன், பக்கம் பக்கமா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “நீங்க வலி இல்லைன்னு கடைசியில எழுதுவீங்களா, நடுவுலயா?”

“கடைசியில.”

“நானும் கடைசியிலதான்” என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

வக்கீலம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “லாண்டரியில விழுந்த அம்மாவை ஞாபகம் இருக்கா?”

“எட்டாம் கட்டில். மறக்க முடியாது. நல்ல வெயிட். ரெண்டு பேரா சேர்ந்து விரிப்போட உருட்டித்தான் திருப்புவோம். முதல் வாரம் முழுக்க எழுந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரே.”

“பாத்ரூமுக்கு?”

“எப்படிம்மா போவாங்க?” என்று அவர் திருப்பிக் கேட்டார். தான் எழுதியது அவருக்கு நினைவிலேயே இல்லை. எழுதியதாக நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மாலை வக்கீலம்மா கம்பெனிக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினார். ‘குறிப்பு உண்மையல்ல என்று, அதை எழுதியவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை நான் கோர்ட்டில் படிக்கமாட்டேன். படித்தால் பையைப் பற்றி ஒரே கேள்வியில் அது உடையும், அதோடு நமக்குச் சாதகமாக இருக்கும் உண்மையான விஷயமும் உடையும்.’ உண்மையான விஷயம் ஒன்று இருந்தது: லாண்டரியில் ரப்பர் ஷூ கொடுத்திருந்தார்கள், அந்த அம்மா அதைப் போடாமல் தேய்ந்த செருப்போடு நின்றிருந்தார். அதை வக்கீலம்மா விட்டுக்கொடுக்கப் போவதில்லை. “நான் அந்தம்மாவோட வக்கீல் இல்ல, சிஸ்டர். அதையும் மறந்துடக் கூடாது.”

புதன்கிழமை பதில் வந்தது. சமரசம் கிடையாது. வழக்கை நடத்துங்கள். குறிப்பைப் படிப்பதும் படிக்காததும் உங்கள் பொறுப்பு. இனி வரும் ஃபைல்கள் பற்றிப் பிறகு பேசுவோம்.

“பிறகு பேசுவோம்னா டெப்போவுல வண்டியைப் பிடுங்கிக்கறதுக்கு முன்னாடி சொல்ற வார்த்தை” என்றார் மாமனார்.

“தெரியும் மாமா.”

“தெரிஞ்சுமா?”

“குழாய் போட்டவங்க நடந்தாங்கன்னு எப்படி மாமா கேப்பேன்? வாய் வராது.”

வியாழக்கிழமை அவர் ஷூவைப் பற்றியும் சாக்கடை மூடியைப் பற்றியும் பதினேழு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் கம்பெனி அனுப்பிய ஆள் கையில் குறிப்பின் நகலை வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். ஜட்ஜ்கூட, “இவ்வளவுதானா?” என்று கேட்டாராம்.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. அன்று மாமனாரைப் பார்த்துக்கொள்ள வக்கீலம்மாவின் கணவர் லீவு போட்டார். நான் கோர்ட்டுக்குப் போனேன். முடிவு என்ன என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. கேட்ட தொகையில் முக்கால் பங்கு லாண்டரி கொடுக்க வேண்டும். ஷூ போடாததற்காகக் கால் பங்கு குறைப்பு. கம்பெனி அப்பீல் போகவில்லை. ஆனால் வக்கீலம்மாவுக்கு வரும் ஃபைல்கள் அந்த வருடம் பாதியாகின. அந்தப் பத்தொன்பது பழைய ஃபைல்களைத் தனித் தட்டில் வைத்தார். முடிந்துபோன வழக்குகளைத் திறக்க வழியில்லை என்று அவரே சொன்னார். அப்படி வைப்பதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்று நானும் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் அவை இன்னும் தனித் தட்டில்தான் இருக்கின்றன.

அந்த நாளில் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். தீர்ப்பு முடிந்து வராந்தாவுக்கு வந்தோம். இஸ்திரிக்கார அம்மா பாதத்தை இழுத்து இழுத்து எங்களை நோக்கி வந்தார். அவருடைய வக்கீல் பின்னாலேயே ஓடி வந்தார்.

“ஏம்மா, உங்களை ஒண்ணு கேக்கணும்” என்றார். “ஏதோ ஆஸ்பத்திரி எழுத்து இருக்கு, கம்பெனி வக்கீல் அதைக் கேட்டா நம்ம கதை முடிஞ்சுதுன்னு இவர் மூணு மாசமா என்னைத் தூங்க விடல. நீங்க கேக்கவே இல்லையே. ஏன்?”

அவருடைய வக்கீல் தரையைப் பார்த்தார். அவரும் அந்தக் குறிப்பைப் பார்த்திருக்கிறார், பயந்திருக்கிறார், அடுத்த தாளைத்தான் திருப்பவில்லை.

“அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாது, அம்மா” என்றார் வக்கீலம்மா. “கம்பெனி விஷயம்.” பிறகு அந்த வக்கீலிடம் திரும்பி, “வழக்கு முடிஞ்சாச்சு. நீங்களும் பக்கத்துலயே இருங்க. இவங்களை நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றார். அவர் சரி என்றார்.

“அட்மிட் ஆன மூணாவது நாள் காலையில என்ன செஞ்சுட்டிருந்தீங்க?”

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். “என்ன செய்ய? மல்லாக்கப் படுத்து மேல பாத்துட்டிருந்தேன். ஃபேன்ல மூணு றெக்கை. ஒண்ணுல மட்டும் தூசி ஜாஸ்தி. அந்தப் பொண்ணு, அதான் நர்ஸு, வேக வேகமா ஏதோ எழுதிட்டுப் போச்சு. தண்ணி வேணும்னு கூப்பிடலாமான்னு நெனச்சேன். பாவம், வேலையா இருக்கேன்னு விட்டுட்டேன்.”

“அப்புறம் தண்ணி யாரு குடுத்தாங்க?”

“பக்கத்துக் கட்டில்காரி.”

“அவங்களுக்கு என்ன அடி?”

“கை முறிவு.”

“எந்தக் கை?”

அந்த அம்மா தன் வக்கீலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நின்றால் அவருக்குக் கால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். பெஞ்சைக் காட்டினேன். அவர் உட்கார்ந்தார். வக்கீலம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.